அரைப் பேன்

நார்வேயின் கடல் சால்மன் பண்ணைகளுக்கு ஒரு சட்டம் உண்டு. பண்ணை மீனில் கடல்பேன் சராசரியாக ஒரு மீனுக்கு 0.5-க்குக் குறைவாக இருக்க வேண்டும். எல்லாப் பேனும் கணக்கில் வராது, வளர்ந்த பெண் பேன் மட்டும். ஆக, அரைப் பேன். (சேர்த்து எழுதினால் 'அரைப்பேன்' என்று சட்னிக்கு வாக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதனால்தான் தலைப்பில் இடைவெளி.) வசந்தத்தில் ஆறு வாரங்களுக்கு இந்த வரம்பு 0.2 ஆக இறங்கிவிடும். ஐந்து மீனுக்கு ஒரு பேன்கூட ஆகாது.

அரைப் பேன் என்று ஓர் உயிர் உலகத்தில் கிடையாது. சராசரிக்குள் மட்டுமே வாழ்கிற ஜீவன் அது. ஆனால் லட்சக்கணக்கான மீன்களைச் சிகிச்சைக்கு ஏற்றுவதா வேண்டாமா என்பதை அந்த இல்லாத பேன்தான் முடிவு செய்கிறது. ஒரு வட்டாரத்தின் பண்ணைகள் வளரலாமா, சுருங்க வேண்டுமா என்ற கணக்குக்கும் அதுதான் அடிப்படை. அதை எண்ணி எழுதுவது யார் என்று பார்த்தால், பண்ணைக்காரரேதான். தனக்கு நஷ்டம் தரப்போகிற ஒன்றைத் தானே தேடி, தானே எண்ணி, தானே எழுதிக் கொடு என்று ஒருவரிடம் சொன்னால் என்ன ஆகும்? அவர் பொய் சொல்வாரா என்பது சுலபமான கேள்வி. அது அவர் கண்ணில் படுமா என்பதுதான் என்னைக் கொஞ்ச காலமாகத் தொந்தரவு செய்கிறது.

முதலில் பேனைப் பற்றிக் கொஞ்சம். பேன் என்று சொன்னாலும் இது பூச்சி இல்லை, இறால், நண்டு வகையறா. வட அட்லாண்டிக்கில் சால்மனைப் படுத்துகிற இனத்தின் பெயர் லெபியோப்தீரஸ் சால்மோனிஸ். எட்டுப் பருவங்களாக வளர்கிறது. முதல் இரண்டில் சும்மா நீரோட்டத்தில் மிதக்கும். மூன்றாவதில் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் சாவுதான். பிடித்தபின் இரண்டு பருவம் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். நம் தலையில் ஈர் இருப்பது மாதிரி, சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. அதற்கப்புறம் மீன்மேல் ஊர்ந்து திரிந்து சளிப்படலம், தோல், ரத்தம் எல்லாவற்றையும் தின்னும். வளர்ந்த பெண் பேன் ஒரு சென்டிமீட்டர் அளவில் இருக்கும். பின்னால் இரண்டு நூல் தொங்கினால் அது முட்டைச்சரம். அதில் நூற்றுக்கணக்கான முட்டைகள்.

இயற்கையில் இந்தப் பேனுக்குக் குளிர்காலம் பஞ்சகாலம். கரையோரத்தில் அப்போது சால்மன் அதிகம் இருக்காது, பெரும்பாலானவை தூரக்கடலுக்குப் போயிருக்கும். வசந்தத்தில் ஆற்றிலிருந்து கடலுக்கு இறங்கும் குஞ்சுகள் பேன் குறைந்த தண்ணீரைத் தாண்டிப் போய்விடும். பண்ணைகள் வந்தபின் அந்தப் பஞ்சம் ஒழிந்தது. ஒரு கூண்டில் இரண்டு லட்சம் மீன் வரை வைத்துக்கொள்ள நார்வே அனுமதிக்கிறது. நாடு முழுக்கக் கூண்டுகளில் இருப்பவை சுமார் நாற்பது கோடி. கடலிலிருந்து தன் ஆற்றுக்குத் திரும்புகிற இயற்கைச் சால்மனோ அண்மை ஆண்டுகளில் ஐந்து லட்சத்தைக்கூடத் தொடவில்லை. பேனுக்கு இப்போது வருஷம் முழுக்க விருந்து. அந்த விருந்தில் மிஞ்சியது, நீரோட்டத்தோடு பல கிலோமீட்டர் மிதந்து போய்க் குஞ்சுகள்மேல் ஏறுகிறது. பதினைந்து இருபது கிராம் எடையுள்ள ஒரு குஞ்சுக்குப் பத்துப் பன்னிரண்டு பேன் ஒட்டினாலே உயிருக்கு ஆபத்து.

அதனால் இந்த வரம்பு முக்கியமாக யாருக்காக வைக்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். நான்கு கிலோ எடையுள்ள கூண்டு மீனுக்கு அரைப் பேன் ஒரு பொருட்டே இல்லை. எண்ணப்படுவது ஒரு மீன், காப்பாற்றப்பட வேண்டியது வேறொரு மீன். இந்த விஷயம் கடைசியில் எவ்வளவு சிக்கலாகும் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

எண்ணுகிற விதம் இப்படி. தண்ணீர் நான்கு டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் வாரம் ஒருமுறை, அதற்குக் கீழே போனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. கூண்டுக்குக் குறைந்தது பத்து மீன், அந்த வசந்தகால வாரங்களில் இருபது. நீளக் கைப்பிடி வைத்த வலையால் அள்ளி, மயக்கமருந்து கலந்த தொட்டியில் போட்டு, மீன் அசையாமல் ஆனதும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்க வேண்டும். ஒட்டியிருப்பவை, ஊர்பவை, வளர்ந்த பெண் என்று மூன்று வகையாகப் பதிய வேண்டும். தொட்டியில் உதிர்ந்து கிடப்பவற்றையும் மறக்காமல் சேர்க்க வேண்டும். இதெல்லாம் கடல் நடுவே, ஆடுகிற மிதவைமேல், மழையோ காற்றோ எதுவானாலும் நடந்தாக வேண்டும். கையுறைக்குள் விரல் விறைத்துப்போயிருக்கும்.

பேன் பார்ப்பது என்றால் நமக்கு ஞாபகம் வருவது திண்ணையும் பாட்டியும்தானே. எந்தப் பாட்டியும் பத்து முடியைப் பார்த்துவிட்டுச் சராசரி சொன்னதில்லை. ஒரு தலைக்கு ஒரு முழு மத்தியானம். இங்கே இரண்டு லட்சம் தலைக்குப் பத்துத் தலை. அதைக் குறை சொல்ல முடியாது, எல்லா மீனையும் பிடித்துப் பார்த்தால் பேனைவிட நாமே அதிகம் கொன்றுவிடுவோம். ஆனால் பேன் எல்லா மீனிலும் சமமாக உட்காருவதில்லை. பல மீனில் ஒன்றுமே இருக்காது, சில மீனில் கொத்தாக இருக்கும். அதனால் எந்தப் பத்து வலையில் வருகிறது என்பது பெரிய விஷயம். தீவனம் தூவி மேலே வரவழைத்தால் பசியும் தெம்பும் உள்ள மீன் வரும். ஓரமாகச் சோர்ந்து நிற்பதை அள்ளினால் நோயாளி வரும். வலை பிடித்தவருக்கு இது தெரியும். வாய்விட்டு ஒரு வார்த்தை பொய் சொல்லாமல் இரண்டில் எதையும் செய்யலாம்.

கணக்காகவே பார்ப்போம். எட்டுக் கூண்டு உள்ள ஒரு பண்ணை என்று வச்சுக்குவோம். வசந்தத்தில் கூண்டுக்கு இருபது, மொத்தம் 160 மீன். 31 பேன் இருந்தால் சராசரி 0.194, சட்டத்துக்கு உட்பட்டது. 32 ஆனால் 0.2, மீறியாச்சு. முப்பத்திரண்டாவது பேன் ஒரு துடுப்புக்கடியில் பாதி மறைந்து உட்கார்ந்திருக்கிறது. அது வளர்ந்த பெண்ணா, இல்லை அதற்கு முந்தைய பருவமா என்று கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருக்கிறது. மணி நாலாச்சு, வீட்டுக்குப் போகிற நேரம். இன்னொரு தடவை புரட்டிப் பார்ப்பாரா?

நம்மிடம் 'ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்கி' என்று ஒரு சொலவடை இருக்கிறது, சின்னதை ஊதிப் பெரிதாக்குபவர்களைக் கிண்டல் செய்ய. இந்தப் பண்ணைகளின் ஆபத்து நேர்த் தலைகீழ். பெருமாளைப் பேனாக்கி, பேனை ஈராக்கி, ஈரைத் தண்ணீரோடு கொட்டிவிடுவது. அதற்கு ஏன் நம்மிடம் சொலவடை இல்லை என்று யோசித்துப் பார்த்தேன். ஊதிப் பெரிதாக்குபவர் சத்தம் போடுகிறார், ஊருக்குத் தெரிகிறது. சின்னதாக்குபவர் சும்மா இருக்கிறார், அவ்வளவுதான்.

இந்த எண்கள் ரகசியமானவை இல்லை. நார்வேயில் ஒவ்வொரு பண்ணையின் வாராந்தரப் பேன் கணக்கையும் பேரண்ட்ஸ்வாட்ச் என்ற அரசுத் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தரவிறக்கி வரைபடம் போட்டுப் பார்ப்பது என் தொழிலில் இருப்பவர்களுக்கு இயல்பாக வரும் வியாதி. அப்படிப் பார்க்கிறவருக்கு உடனே தோன்றும் யோசனை, வரம்புக்குச் சற்றுக் கீழே எண்கள் குவிந்து கிடக்கின்றனவா என்று தேடுவது. வரி ஏய்ப்பு, தேர்வு மதிப்பெண் என்று பல இடங்களில் பொய்யைப் பிடிக்க உதவிய உத்திதான். ஆனால் இங்கே அந்த உத்தி பல்லிளிக்கும். ஏனென்றால் நேர்மையான பண்ணைக்காரரும் 0.4-ஐத் தாண்டியதும் பயந்துபோய்ச் சிகிச்சை செய்வார், எண் கீழே இறங்கும். அவருடைய எண்களும் வரம்புக்குக் கீழேயேதான் குவியும். சட்டத்துக்குப் பயந்தவரும் சட்டத்தை ஏமாற்றியவரும் ஒரே வரைபடத்தை வரைவார்கள். தரவைப் பொதுவில் வைத்துவிட்டால் எல்லாம் வெளிச்சமாகிவிடும் என்று நம்புகிற ஆள் நான். அந்த நம்பிக்கைக்கு இது நல்ல அடி.

ஆனால் ஒரு இடத்தில் இதைப் பிரித்துப் பார்க்க முடிந்திருக்கிறது. கனடாவின் மேற்குக் கரை, பிரிட்டிஷ் கொலம்பியா. அங்கேயும் பண்ணைகளே எண்ணுகின்றன, ஆனால் சில மாதங்களில் மட்டும் மத்திய மீன்வளத் துறை ஆட்கள் வந்து தணிக்கை செய்கிறார்கள். ஷான் காட்வின் தலைமையில் ஆய்வாளர்கள் செய்த வேலை எளிமையானது. தணிக்கை நடந்த மாதங்களில் பண்ணைகள் கொடுத்த எண்ணையும், நடக்காத மாதங்களில் கொடுத்த எண்ணையும், பேனின் இயல்பான பெருக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு ஒப்பிட்டார்கள். 2021-இல் எகலாஜிக்கல் அப்ளிகேஷன்ஸ் இதழில் வந்தது. பக்கத்தில் அதிகாரி இருக்கும்போது லெபியோப்தீரஸ் எண்ணிக்கை 1.18 மடங்காக ஏறுகிறது. கூடவே எண்ணப்படும் இன்னொரு பேன், கலிகஸ் கிளெமென்சி, 1.95 மடங்காக ஏறுகிறது. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

முதல் எண்ணின் அர்த்தம் புரிந்துகொள்ளச் சுலபம். அங்கே வரம்பு, மீனுக்கு மூன்று ஊர்கிற லெபியோப்தீரஸ். தணிக்கை நாளில் 3.4 வந்திருக்க வேண்டிய பண்ணை, ஆளில்லாத நாளில் 2.88 என்று எழுதும். சிகிச்சை வேண்டாம், செலவு மிச்சம். சரி, மனித இயல்பு. எனக்குத் தூக்கம் கெட்டது இரண்டாவது எண்ணால். கலிகஸ் கிளெமென்சிக்கு அந்த வரம்பு கிடையாது. எவ்வளவு இருந்தாலும் அதற்காகச் சிகிச்சை செய்யச் சொல்லி உத்தரவு வராது. குறைத்து எழுதி ஒரு பைசா லாபமில்லை. பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத இடத்தில்தான் எண்ணிக்கை இன்னும் அதிகமாகக் குறைந்திருக்கிறது.

என் வாசிப்பு இது: அந்தப் பேன் சின்னது, தேடினால்தான் தெரியும். யாரும் கேட்காத பேன் என்பதால் யாரும் தேடவில்லை. அதிகாரி பக்கத்தில் நின்றதும் தேடினார்கள், இருந்தது. இதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொய் என்றால் தெரிந்ததை மாற்றிச் சொல்ல வேண்டும். இங்கே தெரிந்துகொள்வதே நடக்கவில்லை. அப்படியென்றால் குற்றம் இல்லையா?

இந்த இடத்தில் வில்லியம் கிளிஃபோர்டைக் கூப்பிடாமல் முடியாது. ஆங்கிலேயக் கணிதவியலாளர். 'நம்பிக்கையின் நெறி' பற்றி 1877-இல் எழுதிய கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளியின் கதையைச் சொல்கிறார். குடியேறப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு புறப்பட இருக்கிற பழைய கப்பல். முதலாளிக்கு உள்ளுக்குள் சந்தேகம், பழுது பார்க்க வேண்டுமோ என்று. பார்த்தால் செலவு. இத்தனை தடவை போய் வந்திருக்கே, கடவுள் காப்பாற்றாமல் விடுவாரா என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தேகத்தை அமுக்கி, கடைசியில் கப்பல் நல்லாத்தான் இருக்கு என்று மனதார நம்பிவிடுகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. இவர் காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொள்கிறார். கிளிஃபோர்டின் வாதம், அந்த நம்பிக்கை உண்மையானதாக இருந்தாலும் அதை நம்ப அவருக்கு உரிமை இல்லை என்பது. கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் குற்றம் குற்றம்தான் என்று ஒரு படி மேலேயும் போகிறார்.

இந்தக் கதையைக் கல்லூரி நாட்களில் படித்தபோது பிரமித்தேன். இப்போது படித்தால் ஒரு வசதியான அம்சம் உறுத்துகிறது. கிளிஃபோர்டின் உலகத்தில் லாபம் வாங்குகிறவரும் கண்ணை மூடிக்கொள்கிறவரும் ஒரே ஆள். பண்ணையில் அப்படி இல்லை. மிதவைமேல் நிற்கும் பையனுக்கு மாதச் சம்பளம். முப்பத்திரண்டாவது பேனைக் கண்டுபிடித்தால் அவனுக்குப் பரிசு கிடையாது, கூடுதல் வேலைதான். கண்டுபிடிக்காவிட்டால் தண்டனையும் கிடையாது. மேலே உட்கார்ந்திருக்கும் மேலாளர் 'குறைச்சு எழுது' என்று சொல்லவே வேண்டியதில்லை. எண் கூடினால் அவர் முகம் மாறினால் போதும். முதலாளி, கப்பலைப் பார்க்காமல் இருக்கும் வேலையைச் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்துகொள்கிறார். நம்பிக்கை அவருடையது, இமை வேறொருவருடையது.

மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில், சர்வர் பழுதை முதல்தரத் தீவிரம் என்று பதிந்தால் பெரிய தலைகளுக்கு நடுராத்திரியில் போன் போகும், இரண்டாம்தரம் என்றால் போகாது. ஒரு காலாண்டில் முதல்தரப் பழுதுகளைப் பாதியாகக் குறைப்பது இலக்கு என்று அறிவித்தார்கள். குறைந்துவிட்டது. யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொரு பழுதாக எடுத்துக் கேட்டால், 'இது இரண்டாம்தரம்னே சொல்லலாமே' என்பதற்கு நியாயமான காரணம் இருந்தது. அளவுகோலை இலக்காக்கினால் அளவுகோல் கெட்டுவிடும் என்பதைப் பொருளாதாரக்காரர்கள் குட்ஹார்ட் விதி என்பார்கள். அந்த விதி அமைப்பைப் பற்றிச் சரியாகவே பேசுகிறது. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு தனி மனிதர், ஒரு தனிப் பழுதைப் பார்த்து, உள்ளுக்குள் என்ன செய்கிறார் என்பதைப் பற்றி அது வாயே திறப்பதில்லை.

இதுவரை சொன்னதில் உண்மையாக எண்ணுவது நல்லது, கஷ்டம் அதைச் செய்வதில்தான் என்ற தோரணை இருந்தது. இனிமேல்தான் உண்மையான சிக்கல். எண் வரம்பைத் தாண்டினால் என்ன நடக்கிறது?

முன்பெல்லாம் மருந்து. எமமெக்டின், ஹைட்ரஜன் பெராக்சைடு என்று வரிசையாக வந்தன, பேன் ஒவ்வொன்றுக்கும் பழகிக்கொண்டது. இப்போது பெரும்பாலும் இயந்திரச் சிகிச்சை. மீன்களை நெருக்கி ஒடுக்கி, குழாய் வழியாகப் படகுக்கு உறிஞ்சி, 28 முதல் 34 டிகிரி வரை சூடான தண்ணீரில் சுமார் அரை நிமிடம் விடுகிறார்கள். இல்லாவிட்டால் தண்ணீரைப் பீய்ச்சியோ தூரிகையால் தேய்த்தோ பேனை உதிர்க்கிறார்கள். நமக்கு 30 டிகிரி குளிக்கிற தண்ணீர்கூட இல்லை. எட்டுப் பத்து டிகிரியில் வாழ்கிற மீனுக்கு அது நெருப்பு. நார்வே ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட சோதனையில் 28 டிகிரிக்கு மேல் மீன்கள் தலையை உதறின, வெறிபிடித்து நீந்தித் தொட்டிச் சுவரில் மோதின. வலிக்கிறது என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஏற்கெனவே செவுள் நோயோ இதய நோயோ உள்ள மீன்கள் இந்தச் சிகிச்சைக்குப் பிறகு கொத்துக் கொத்தாகச் சாகும். 2023-இல் நார்வேயின் கடல் கூண்டுகளில் செத்த சால்மன் 6.28 கோடி, 16.7 சதவீதம். எல்லாமே இதனால் இல்லை. ஆனால் பேன் நீக்கும்போது ஏற்படும் காயம், நாட்டின் மீன்நல ஆண்டறிக்கையில் வருஷா வருஷம் முன்வரிசையில் நிற்கிற காரணம்.

இப்போது அந்தப் பையனை மறுபடியும் பாருங்கள். கூண்டில் இருக்கும் மீன்களை அவனுக்குத் தெரியும். செவுள் சரியில்லை என்று தெரியும், சிகிச்சைக்கு அனுப்பினால் பல ஆயிரம் சாகும் என்றும் தெரியும். அரைப் பேனால் அவற்றுக்கு ஒரு கஷ்டமும் இல்லை என்பதும் தெரியும். முப்பத்திரண்டாவது பேனை அவன் பார்க்காமல் விட்டால், சோம்பேறித்தனத்தால் இல்லாமல் இரக்கத்தால் விட்டால்?

திருக்குறள் வாய்மை அதிகாரம் இவனுக்கு ஆதரவாகப் பேசுகிற மாதிரிதான் தோன்றும். தீமை இல்லாத சொல்தான் வாய்மை என்று அதிகாரம் தொடங்குகிறது. குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்று அடுத்த குறளே சொல்லிவிடுகிறது. எதிர் மூலையில் இம்மானுவேல் கான்ட். கொலைகாரன் வாசலில் நின்று உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்லக்கூடாது என்று 1797-இல் எழுதியவர். இந்த இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடு என்றால் நம்மில் முக்கால்வாசிப் பேர் வள்ளுவர் பக்கம் போவோம், நானும்தான். ஆனால் அந்தக் குறளின் கனம் முழுக்க 'குற்றமற்ற' என்ற நிபந்தனையில் இருக்கிறது. அந்த நன்மை யாருக்குமே கெடுதல் செய்யாதது என்று சொல்ல, எல்லாரையும் பார்த்திருக்க வேண்டும். பையன் பார்ப்பது கூண்டை மட்டும். பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால், ஆற்றுமுகத்திலிருந்து வெளியே நீந்திவரும் இருபது கிராம் குஞ்சு அவன் பார்வையில் இல்லை, ஒருபோதும் இருக்கப்போவதும் இல்லை. கொலைகாரன் கதையில் நண்பன் உள்ளே இருக்கிறான், நமக்கு அவன் முகம் தெரியும். இங்கே பொய்யால் காப்பாற்றப்படுகிறவருக்குத்தான் முகம் இருக்கிறது. பொய்யால் சாகிறவருக்கு முகமே இல்லை.

அந்தக் குஞ்சைப் பார்க்கிற ஒரே கண், கணக்குதான். நார்வேயின் கடல் ஆய்வு நிறுவனம், பண்ணைகள் அனுப்பும் பேன் எண்ணிக்கை, மீன் எண்ணிக்கை, தண்ணீர் வெப்பம் ஆகியவற்றிலிருந்து எத்தனை இளம்பேன்கள் கடலில் கலக்கின்றன என்று கணக்கிட்டு, நீரோட்ட மாதிரியில் ஓடவிட்டு, எந்தக் குஞ்சுக்கூட்டத்தில் எவ்வளவு சாகும் என்று மதிப்பிடுகிறது. கடற்கரை 13 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பேனால் சாகும் இயற்கைக் குஞ்சுகள் 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் பச்சை, 30-ஐத் தாண்டினால் சிவப்பு, நடுவில் மஞ்சள். 2017-இல் கொண்டுவந்த முறை. பச்சைக்கு ஆறு சதவீத வளர்ச்சி, சிவப்புக்கு ஆறு சதவீத வெட்டு. களத்தில் குஞ்சுகளைப் பிடித்தும் பார்க்கிறார்கள். ஆனாலும் மாதிரிக்குள் போகிற முதல் எண், மிதவைமேல் நின்ற அந்தப் பையன் எழுதியதுதான். இரக்கத்தால் குறைத்த எண்ணும் சோம்பலால் குறைந்த எண்ணும் பேராசையால் திருத்திய எண்ணும் உள்ளே போனபின் ஒரே எண். அவன் இரக்கத்தைப் பதிய அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

அதனால் நான் கான்ட் பக்கம் சாயவில்லை, வள்ளுவரின் நிபந்தனையைக் கறாராகப் பிடித்துக்கொள்கிறேன். செவுள் கெட்ட மீன்கள்மேல் இரக்கம் என்றால் அதற்குச் செய்ய வேண்டியது 32 என்று எழுதிவிட்டு, 'இந்த மீன்கள் சிகிச்சையைத் தாங்காது, முன்கூட்டியே அறுவடை செய்யுங்கள்' என்று சண்டை போடுவது. அது மேலாளரோடு போடுகிற சண்டை. பேனை விழுங்கிவிடுவது அந்தச் சண்டையைத் தவிர்க்க மட்டுமே உதவும். சம்பளக்காரப் பையனிடம் இவ்வளவு எதிர்பார்ப்பது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். அவனிடம் அதை எதிர்பார்க்கிற மாதிரி வடிவமைத்தவர்கள்மேல் என் கோபம்.

அந்த வடிவமைப்பில் இன்னொரு ஓட்டையும் உண்டு. வரம்பு தலைக்கு அரைப் பேன். நாற்பது கோடி மீன் இருந்தால், எல்லாரும் சட்டத்தை மதித்து, எல்லாரும் உண்மையாக எண்ணி, இருபது கோடி பெண் பேன் வரை கடலில் இருக்கலாம். நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே இருக்கும், நான் சொல்வது சட்டம் அனுமதிக்கிற உச்சம். மீன் இரட்டிப்பானால் பேனும் இரட்டிப்பாகலாம், ஒருத்தரும் குற்றவாளி ஆக மாட்டார்கள். ஆற்றிலிருந்து வருகிற குஞ்சுக்குச் சராசரி தெரியாது, மொத்தம்தான் தெரியும். 2024 கோடையில் நார்வேயில் 33 ஆறுகளில் சால்மன் பிடிப்பதை அவசரமாக நிறுத்தினார்கள், திரும்பி வந்த மீன் அவ்வளவு குறைவு. பேன் மட்டுமே காரணம் என்று யாரும் சொல்லவில்லை, கடலே மாறிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்த வருஷமும் பெரும்பாலான பண்ணைகளின் தாளில் சராசரி ஒழுங்காகவே இருந்திருக்கும்.

எண்ணப்படாதவர்கள் பட்டியலில் இன்னும் ஒருவர் இருக்கிறார். பேனைத் தின்னட்டும் என்று கூண்டுக்குள் விடுகிற துப்புரவு மீன்கள், ராஸ், லம்ப் என்று சில வகை. ஒரு கட்டத்தில் நார்வேயில் ஆண்டுக்கு ஐந்து கோடிக்கும் மேல் விட்டார்கள். அநேகமாக எல்லாமே கூண்டுக்குள்ளேயே செத்துப்போயின. சால்மன் மேல் இருந்த பேனை வாரா வாரம் ஒவ்வொன்றாக எண்ணிய நாட்டில், பேனைத் தின்ன வந்த மீன் எத்தனை, எப்போது, எதனால் செத்தது என்ற கணக்கு நெடுங்காலம் ஒழுங்காக இல்லை. மற்றவர்கள் இதைச் சோகம் என்பார்கள், எனக்கு இதில் கொஞ்சம் அபத்த நாடகமும் தெரிகிறது.

இப்போது கேமரா வந்துவிட்டது. அக்வாபைட் மாதிரி நிறுவனங்கள் கூண்டுக்குள் கேமராவைத் தொங்கவிட்டு, கடந்து போகிற ஆயிரக்கணக்கான மீன்களைப் படமெடுத்து, மென்பொருளால் பேன் எண்ணுகின்றன. ஸ்டிங்ரே என்ற இன்னொன்று பேனைக் கண்டதும் லேசரால் சுட்டே விடுகிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் அனுமதி வாங்கிய பண்ணைகள், கையால் எண்ணாமல் இந்தக் கணக்கையே அனுப்பலாம். மீனைத் தூக்க வேண்டாம், மயக்க வேண்டாம். பத்துக்குப் பதில் பல்லாயிரம். மேலாளர் முகம் மாறினால் கேமராவுக்கு ஒன்றும் இல்லை, நாலு மணிக்கு வீட்டுக்குப் போகும் அவசரமும் இல்லை. எனக்கு இதில் நிஜமாகவே சந்தோஷம். அந்தப் பையன் தோளிலிருந்து ஒரு பாரம் இறங்குகிறது.

ஆனால் இந்த மென்பொருள் எப்படிச் செய்யப்படுகிறது என்று எங்களுக்குத் தெரியும். பேன் எது என்று அதற்குப் பிறவியில் தெரியாது. யாரோ ஒருவர் திரை முன்னால் உட்கார்ந்து, மீன் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து, பேன் இருக்கும் இடத்தில் கட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும். படம் கலங்கலாக இருக்கும். செதிலின் நிழலா, காயமா, பேனா, வளர்ந்ததா, வளராததா என்று பத்தில் இரண்டு படத்தில் தடுமாறும். ஒரு படத்துக்குச் சில நொடிக்கு மேல் எடுத்துக்கொண்டால் வேலை நகராது. அவர்கள் கையில் ஒரு வழிகாட்டி இருக்கும். 'சந்தேகமாக இருந்தால்' என்று தொடங்கும் ஒரு வரி அதில் கண்டிப்பாக இருக்கும், எல்லா வழிகாட்டியிலும் இருக்கும், நானே சிலவற்றை எழுதியிருக்கிறேன். சந்தேகமாக இருந்தால் கட்டம் போடு, அல்லது சந்தேகமாக இருந்தால் விட்டுவிடு. இரண்டில் எது என்று எழுதியவர், மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கப்போகிற பண்ணையை நினைத்து எழுதினாரா, ஆற்றுமுகத்தை நினைத்து எழுதினாரா? எனக்கு அந்த ஒரு வரியைப் படிக்க வேண்டும்.